சங்கச் சந்தாவும் வாக்குச்சீட்டும்

தொழிற்சங்கத்திற் சேர்வதென்றால் ஒரு கட்சியிற் சேர்வதே என்று கொள்ளும் வழக்கம் நம் மக்களிடையே நெடுங்காலமாக வேரூன்றி நிற்கின்றது. சங்கத்தின் கொடி எந்நிறத்தது என்று முதலில் வினவுகிறோம். அந்நிறத்தைக் கொண்டே அதன் உறுப்பினரது அரசியலையும், சில வேளைகளில் அவரது இறைநம்பிக்கையையும்கூட அளந்துவிடுகிறோம். ஒருவர் ஆண்டுச் சந்தா செலுத்திப் பெற்ற சிறு பற்றுச்சீட்டு அவருடைய உள்ளத்தை முழுவதும் காட்டிவிடும் என்று நம்புவது எத்துணைப் பொருத்தமானது? இவ்வினாவைத் தமிழ்த்துறை மலரில் எழுப்புவது ஏன் என்று மாணவர் சிலர் வியக்கக்கூடும். தமிழ்நாட்டுத் தொழிற்சங்க வரலாற்றின் முதற்பக்கத்திலேயே தமிழாசிரியர் ஒருவர் நிற்கின்றார் என்பதே நமது விடை. வெஸ்லி பள்ளியில் தமிழ் கற்பித்துவிட்டு, ‘தேசபக்தன்’ இதழின் ஆசிரியப் பொறுப்பேற்ற திரு.வி.க. அவர்களையே குறிப்பிடுகின்றோம்.

அரசியல் மனப்பான்மை ஒருவனைச் சங்கத்திற்குக் கொண்டுவந்து சேர்க்கின்றதா, அன்றிச் சங்கமே அவனுக்கு ஓர் அரசியல் மனப்பான்மையை ஊட்டுகின்றதா என்னும் ஆராய்ச்சி பல நாடுகளில் நடைபெற்று வருகின்றது. இரண்டிலும் உண்மையுண்டு. ஆயினும் நம் நாட்டு நிகழ்ச்சிகளைக் கூர்ந்து நோக்குவார்க்கு மூன்றாவதாக ஒன்று புலப்படும். தொழிலாளி தன் தேவை கருதிச் சங்கத்திற்கு வருகின்றான். தன் அரசியலைப் பெரும்பாலும் வேறிடத்திலிருந்து பெறுகின்றான். இரண்டையும் ஒன்றாக்க எவரேனும் வற்புறுத்தும்போதுதான் இடர்ப்படுகின்றான். இதுவே இக்கட்டுரையில் நாம் நிறுவ முயலும் கருத்தாகும்.

தூத்துக்குடிக் கோரல் ஆலையில் 1908ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் இறுதியில் தொடங்கிய வேலைநிறுத்தத்தை எண்ணிப் பார்ப்போம். கூலி உயர்வும் வார விடுமுறையும் வேண்டி எழுந்த போராட்டம் அது. வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அதற்குத் துணை நின்றனர். சில நாட்களிலேயே ஆலை நிர்வாகம் இறங்கிவந்தது, கூலி உயர்ந்தது. மார்ச்சு 12ஆம் நாள் தலைவர்கள் சிறைப்பட்டபோது அதே தொழிலாளர் மீண்டும் வேலையை நிறுத்தினர். இம்முறை அவர்கள் கேட்டது கூலியன்று. தம் தலைவர்க்கு நேர்ந்தது பொறாமல் எழுந்த நிறுத்தம் அது. முதலாவது வயிற்றின் போராட்டம், இரண்டாவது நெஞ்சின் போராட்டம் எனலாம். இவ்வரிசையை மாற்றிப் படிக்கும் பிழையைப் பலர் செய்கின்றனர். சுதேசியக் கொள்கையை முதலில் ஏற்று, அதன்பின் அவர்கள் வேலைநிறுத்தத்திற்கு வந்தாரல்லர். தம் கூலிக்காக ஒருவர் நின்றார். அதனால் அவரது அரசியலையும் அவர்கள் மதித்தனர்.

பத்தாண்டுகள் கழித்து, 1918 ஏப்ரல் 27ஆம் நாள், சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பெரம்பூர்ப் பகுதியில் இருந்த பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளரே அதன் உயிர்நாடி. செல்வபதி செட்டியார், இராமாநுஜலு நாயுடு என்னும் இருவர் முன்முயற்சி எடுத்தனர். பார்சி வகுப்பினரும் அன்னி பெசண்டு அம்மையாரின் தன்னாட்சி இயக்கத்தவருமான பி.பி.வாடியா தலைவரானார், திரு.வி.க. துணைத்தலைவரானார். இவர்களுள் ஒருவரேனும் ஆலைத் தொழிலாளியல்லர் என்பது கருதத்தக்கது. தன்னாட்சிக் கொள்கையைக் கேட்கவா தறிக்காரர் திரண்டனர்? உணவு இடைவேளை போதவில்லை, மேற்பார்வையாளரின் கடுமை பொறுக்கவில்லை என்பனவே அவர்தம் முறையீடுகள். மேடையிலிருந்தோர் நாட்டைப் பற்றிப் பேசினர். கீழிருந்தோர் சோற்றுவேளையைப் பற்றி எண்ணினர். இருசாராரும் ஒருவரையொருவர் பொறுத்துக்கொண்டதாலேயே சங்கம் வளர்ந்தது.

அது பிளவுண்ட வரலாறும் நாம் அறியவேண்டியதே. 1921ஆம் ஆண்டில் அவ்வாலைகளில் எழுந்த பெரும் வேலைநிறுத்தம் பல திங்கள் நீடித்தது. ஒத்துழையாமை இயக்கமும் கிலாபத் இயக்கமும் நாடெங்கும் பொங்கியெழுந்த காலம் அது. அக்கிளர்ச்சியின் வேகம் ஆலை வாயிலுக்கும் வந்தது. சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் வேலைக்குச் செல்லாது நின்றனர். ஆதிதிராவிடத் தொழிலாளரிற் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினர். புளியந்தோப்பில் கலவரம் மூண்டது. குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாண்டன. வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது.

வேலைக்குத் திரும்பியோரைக் கருங்காலிகள் என்று பழிப்பது மேடை வழக்கு. நாம் அதனை ஏற்பதற்கில்லை. தெருவில் தன்னோடு ஒன்றாக நடக்க மறுப்பவன், கிணற்றில் நீர் இறைக்க விடாதவன், ஆலை வாயிலில் மட்டும் தோழன் என்று அழைத்தால் அவ்வழைப்பை நம்பாதிருக்க அவனுக்குக் காரணம் இருந்தது. காங்கிரசின் மீதும் நீதிக்கட்சியின் மீதும் ஆதிதிராவிடர் கொண்டிருந்த ஐயம் எவரும் புகட்டிய பாடமன்று, வாழ்வில் பட்டறிந்தது. அக்கலவரத்தின்போது நீதிக்கட்சியின் முன்னணியினர் சிலர் ஆதிதிராவிடர்க்கு எதிராகப் பேசியதும், எம்.சி.ராஜா 1923இல் அக்கட்சியினின்று வெளியேறியதும் அந்த ஐயத்திற்குப் பின்னர்க் கிடைத்த சான்றுகள். சங்கத்தின் பேரேட்டில் அவர் பெயர் இருந்தது; சங்கத்தின் அரசியலில் அவருக்கு இடம் இருந்ததா என்று அன்று எவரும் கேட்கவில்லை. கிலாபத் உணர்வில் ஊறியிருந்த நம் சமுதாயத் தொழிலாளர்க்கு அப்போராட்டம் இருமடங்கு இனித்திருக்கும். பக்கத்துத் தறியில் நின்றவனுக்கு அவ்வுணர்வில் பங்கில்லை என்பதை அவர்களும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இதற்கிடையே சட்டத்தின் கதையும் இதே ஆலைகளிலிருந்துதான் தொடங்குகின்றது. ஆலை உரிமையாளராகிய பின்னி நிறுவனத்தார் வாடியா முதலியோர்மேல் வழக்குத் தொடுத்து, தொழிலாளரை வேலைநிறுத்தத்திற்குத் தூண்டலாகாதென்று சென்னை உயர்நீதிமன்றத்தில் தடையாணை பெற்றனர். சங்கம் நடத்துவதே குற்றமாகிவிடுமோ என்னும் அச்சம் பரவிற்று. என்.எம்.ஜோஷி 1921இல் மத்திய சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தின் தொடர்ச்சியாக 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. அச்சட்டத்தின் 16ஆம் பிரிவைச் சட்டம் பயிலாதாரும் ஒருமுறை படித்தல் நன்று. சங்கம் அரசியற் பணிக்கெனத் தனி நிதி வைத்துக்கொள்ளலாம்; தேர்தற் செலவுக்கும் பொதுக்கூட்டத்திற்கும் அதனைப் பயன்படுத்தலாம்; ஆனால் அந்நிதிக்குப் பணம் தருமாறு எந்த உறுப்பினரையும் கட்டாயப்படுத்தலாகாது; தராத காரணத்தால் அவருக்குரிய நலன்களை மறுக்கவும் ஆகாது. சங்கம் அரசியல் பேசுவதை அது தடுக்கவில்லை. ஆயின் உறுப்பினரின் பணப்பையில் இரண்டு அறைகளைத் தைத்துக் கொடுத்தது.

இந்த ஏற்பாட்டின் மூலம் இங்கிலாந்தில் உள்ளது. அங்கே வால்டர் ஆஸ்பர்ன் என்னும் ரயில்வே ஊழியர், தம் சங்கத்தின் பணம் தொழிற்கட்சிக்குச் செல்வதை எதிர்த்து வழக்காடினார். அவர் லிபரல் கட்சிச் சார்பினர். 1909இல் பிரபுக்கள் சபை அவர் பக்கம் தீர்ப்பளித்தது. சங்கங்கள் திகைத்தன. 1913ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு நடுவழி கண்டது: உறுப்பினர் வாக்கெடுத்துத் தனி நிதி அமைக்கலாம், விரும்பாதார் விலகிக்கொள்ளலாம் என்றது. 1927இல் அது மாற்றப்பட்டு, விரும்புவோர் எழுதிக் கொடுத்தாலன்றிப் பணம் பிடிக்கலாகாது என்றாயிற்று. 1946இல் பழையபடி திரும்பிற்று. அதன் பின்னும் அந்த இழுபறி ஓயவில்லை.

அந்நாட்டு நிகழ்ச்சி ஒன்று நம் பொருளுக்கு மிகவும் துணை செய்கின்றது. 1983ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் தொழிற்சங்க உறுப்பினருள் ஏறத்தாழப் பத்துக்கு நால்வரே தொழிற்கட்சிக்கு வாக்களித்தனர் என்று கணிப்புகள் கூறின. தட்சர் அம்மையாரின் அரசு இதைக் கண்டு மகிழ்ந்திருக்கும். அரசியல் நிதி வேண்டுமா என்று பத்தாண்டுக்கு ஒருமுறை உறுப்பினரிடம் மறைவாக்கெடுப்பு நடத்தவேண்டும் என 1984இல் அவ்வரசு சட்டம் இயற்றியது. தொழிற்கட்சிக்கு வாக்களியாதார் அக்கட்சிக்குச் செல்லும் நிதியை மட்டும் ஆதரிப்பரோ என்பதே கணக்கு. விளைவு வேறாயிற்று. 1985-86ஆம் ஆண்டுகளில் வாக்கெடுத்த சங்கங்கள் அனைத்திலும் நிதியை நிலைநிறுத்தும் முடிவே வென்றது. தலைவர்கள் கட்சியின் பெயரைச் சற்றே பின்னுக்குத் தள்ளி, நாடாளுமன்றத்தில் நம் குரல் ஒலிக்கவேண்டாவா என்று மட்டும் கேட்டனர். அக்கேள்விக்கு அனைத்துக் கட்சியினரும் ஆம் என்றனர். ஒருவர் தம் வாக்கை ஓரிடத்திலும், தம் தொழிலின் குரலை வேறோரிடத்திலும் ஒப்படைக்க வல்லவர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

நம் நாட்டில் நிலைமை சற்றுக் கலங்கலானது. 1920இல் பம்பாயில் அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரசு பிறந்தபோது பல கொள்கையினரும் அதில் ஒன்றாக இருந்தனர். 1947இல் ஐ.என்.டி.யு.சி., 1948இல் இந்து மஸ்தூர் சபை, 1955இல் பாரதிய மஸ்தூர் சங்கம், 1970இல் சி.ஐ.டி.யு. என்று கட்சிகள் பிரியப் பிரியச் சங்கங்களும் பிரிந்தன. 1970இலேயே தி.மு.க. சார்பில் தொழிலாளர் முன்னேற்றச் சங்கப் பேரவையும் அமைந்தது. அ.இ.அ.தி.மு.க.விற்கும் தனிப் பேரவை உண்டு. ஒரே பணிமனையின் வாயிலில் ஏழெட்டுக் கொடிக்கம்பங்களைக் காண்கிறோம். இத்தனை கொடிகள் இருப்பதால் தொழிலாளர் தத்தம் கொள்கைக்கேற்ற சங்கத்தைத் தேர்ந்து கொண்டுள்ளனர் என்று முடிவு செய்யலாமா? ஆட்சி மாறியவுடன் அரசுப் போக்குவரத்துக் கழகங்களில் ஆளுங்கட்சிச் சங்கத்தின் பட்டியல் நீள்வதையும், எதிர்க்கட்சிச் சங்கத்தின் பட்டியல் சுருங்குவதையும் நாடறியும். இடமாற்றமும் பணிநேர ஒதுக்கீடும் யார் சொல்லால் நடக்கும் என்பதை ஓட்டுநரும் நடத்துநரும் நன்கறிவர். உள்ளம் மாறியதால் சீட்டு மாறவில்லை. சீட்டு மாறியதால் உள்ளம் மாறிவிட்டதென்று நம்புவாரும் இலர்.

மறுதலையாகவும் நடக்கின்றது. மதுரையில் பி.இராமமூர்த்தி 1952இல் சட்டமன்றத்திற்கும் 1967இல் நாடாளுமன்றத்திற்கும் வென்றார். கோவையில் பார்வதி கிருஷ்ணன் நாடாளுமன்ற உறுப்பினரானார். இருவரும் தொழிற்சங்கத்தில் வளர்ந்தவர்கள். எனினும் ஆலைச் சங்கங்களில் பொதுவுடைமையாளர் பெற்றிருந்த செல்வாக்கு, மாநில ஆட்சியை அவர்களுக்குத் தந்ததில்லை. கூலிப் பேச்சுக்குச் சிவப்புக் கொடி, கோட்டைக்கு வேறு கொடி என்று தமிழகத் தொழிலாளி பல்லாண்டுகளாகப் பிரித்தே வைத்துள்ளான். இதனை அறியாமை என்று தோழர்கள் வருந்துவதுண்டு. அறியாமையன்று, ஒருவகைத் தெளிவே என்பது நமது எண்ணம். நன்றாக வாதாடும் வழக்கறிஞரைத் தேர்பவன் அவரையே தன் ஊர்த்தலைவராகவும் ஆக்கவேண்டும் என்பதில்லையே!

அரசு ஊழியரும் ஆசிரியரும் இதற்கு விலக்கல்லர். ஆசிரியர் சங்கத்திற்குச் சந்தா செலுத்தும் நாமும் நம் அறையில் ஒன்றாகத் தேநீர் அருந்துகிறோம். தேர்தல் நாளில் ஐந்து சின்னங்களுக்குப் பிரிகிறோம். 2003 சூலையில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியருள்ளும் ஆசிரியருள்ளும் ஏறத்தாழ 1 இலட்சத்து 70 ஆயிரம் பேரை அன்றைய அ.தி.மு.க. அரசு பணிநீக்கம் செய்தது. வேலைநிறுத்தம் செய்யும் அடிப்படை உரிமை அரசு ஊழியர்க்கு இல்லை என்று உச்சநீதிமன்றமும் அவ்வாண்டில் உரைத்தது. பின்னர்ப் பெரும்பாலோர் பணிக்குத் திரும்பினர். 2004 நாடாளுமன்றத் தேர்தலில் அக்கட்சிக்கு ஓரிடமும் கிடைக்கவில்லை. கூட்டணிக் கணக்கே அத்தோல்விக்குப் பெருங்காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் வழக்கமாக அக்கட்சிக்கே வாக்களித்து வந்த ஊழியக் குடும்பங்களும் அவ்வாண்டில் மனம் மாறின என்பதை அக்காலத்தில் வாழ்ந்தோர் அறிவர். சங்கத்தின் கொள்கை விளக்கக் கூட்டங்கள் செய்யாததைப் பணிநீக்க ஆணை ஒன்று செய்தது.

2023ஆம் ஆண்டின் நிகழ்ச்சி இன்னும் சுவையானது. நாளொன்றுக்கு 12 மணி நேர வேலைக்கு இடந்தரும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் ஏப்ரல் 21ஆம் நாள் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறிற்று. கொண்டுவந்தது தி.மு.க. அரசு. எதிர்த்த சங்கங்களின் வரிசையில் தி.மு.க.வின் தொழிற்சங்கமும் நின்றது. சில நாளில் திருத்தம் நிறுத்திவைக்கப்பட்டது. மே நாளன்று அதைத் திரும்பப்பெறுவதாக முதல்வர் அறிவித்தார். தலைவர்க்கு எதிராக எப்படிப் பேசுவது என்று அச்சங்கத்தார் தயங்கியிருப்பின் அவ்வறிவிப்பு வந்திருக்குமா? 1923 மே 1ஆம் நாள் இந்தியாவிலேயே முதன்முதலாக மே நாள் விழாவைச் சென்னையில் நடத்திய சிங்காரவேலரின் நினைவுக்கு, நூறாண்டு கழித்துக் கிடைத்த பொருத்தமான காணிக்கை அது. கட்சிச் சங்கமும் கட்சியைக் கடந்து நிற்கலாம் என்பதை அந்நாட்களில் கண்ணாரக் கண்டோம்.

இனி நம் சமுதாயத்துச் சான்றோரை நோக்கிச் சில சொற்கள். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டுப் பகுதிகளில் தோல் தொழிலும் காலணித் தொழிலும் நம்மவர் பலர்க்கு முதலாகவும் வேறு பலர்க்குக் கூலியாகவும் அமைந்துள்ளன. மேலப்பாளையத்தில் வீட்டுத் திண்ணையிலும் நடைக்கூடத்திலும் அமர்ந்து பீடி சுற்றும் பெண்டிரின் கைகள் பல குடும்பங்களைக் காத்து வந்துள்ளன. இவ்விடங்களில் கூலி கொடுப்பவரும் கூலி பெறுபவரும் ஒரே பள்ளிவாசலில் தோளோடு தோள் நின்று தொழுபவராக இருக்கக்கூடும். அதனாலேயே, சங்கம் என்பது ஜமாஅத்தின் ஒற்றுமையைக் குலைப்பது, வெளியார் அரசியலை உள்ளே நுழைப்பது என்னும் அச்சம் பெரியவர்களிடம் உண்டு. அவ்வச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. கட்சிக்காரர் சிலர் அதற்கு இடம் கொடுத்துள்ளனர். ஆனால் அதன் விளைவைச் சுமப்பவர் யார்?

இலையும் தூளும் நிறுத்து வாங்கிவந்து, ஆயிரம் பீடி சுற்றிக் கட்டிக் கொடுத்தால், அவற்றுள் பழுதென்று ஒதுக்கப்படுவதற்குக் கூலியில்லை. ஒதுக்குபவர் சொல்லே இறுதிச் சொல். 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டமும், 1976ஆம் ஆண்டின் நலநிதிச் சட்டமும் இப்பெண்டிர்க்காகவே இயற்றப்பட்டன. சட்டம் இருப்பது வேறு. அடையாள அட்டை கைக்கு வருவதும், வருங்கால வைப்புநிதிக் கணக்கில் பெயர் ஏறுவதும், பிள்ளையின் கல்வி உதவித்தொகைக்கு மனு எழுதுவதும் வேறு. இவற்றைச் செய்து கொடுத்தவை பெரும்பாலும் சங்கங்களே. அச்சங்கத்திற் சேர்ந்த பெண் தன் நம்பிக்கையை மாற்றிக்கொண்டாளா? ஐவேளைத் தொழுகையை விட்டாளா? தேர்தலில் அவள் குடும்பம் யார்க்கு வாக்களித்ததோ அவர்க்கே பெரும்பாலும் அவளும் அளித்தாள். மாறியது ஒன்றுதான். பழுதென்று ஒதுக்கப்பட்ட பீடிகளை எண்ணிக் காட்டுமாறு கேட்கத் துணிந்தாள். இதனை அரசியல் மனப்பான்மை என்று அழைப்பதாயின் அழைக்கலாம். அதற்காக அவளைக் கடிவதற்கு நமக்கு உரிமையில்லை. உழைத்தவனின் கூலியைத் தாழ்த்தாது கொடுக்கவேண்டும் என்னும் நபிமொழியை ஜும்ஆ மேடையில் கேட்டுக் கண்கலங்கும் நாம், அக்கூலியின் கணக்கைக் கேட்பவளிடம் உன் கொடி எது என்று வினவுவது முறையாகுமா?

சட்டமும் இப்பொழுது புதிய கட்டத்திற்கு வந்துள்ளது. 1926ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. அரசியல் நிதி தனியே இருக்கவேண்டும், அதற்குக் கட்டாயம் கூடாது என்னும் பழைய ஏற்பாட்டை அது விட்டுவிடவில்லை. பல சங்கங்கள் உள்ள நிறுவனத்தில், தொழிலாளருள் நூற்றுக்கு 51 பேரின் ஆதரவு பெற்ற சங்கமே பேச்சு நடத்தும் ஒரே சங்கமாகும் என்கிறது. எச்சங்கத்திற்கும் அவ்வளவு ஆதரவு இல்லையெனில், குறைந்தது 20 விழுக்காடு பெற்ற சங்கங்கள் கூடிய குழுவே பேச்சு நடத்தும். இச்சட்டத்தின் வேறு பல கூறுகளை, குறிப்பாக வேலைநிறுத்தத்திற்கு இடப்பட்ட தளைகளை, மையத் தொழிற்சங்கங்கள் பல எதிர்க்கின்றன. நாமும் அவ்வெதிர்ப்பில் நியாயம் காண்கிறோம். ஆனால் இந்த 51 என்னும் எண் சங்கத் தலைவர்களுக்கு ஒரு கணக்கைக் கற்பிக்கும். ஒரு தொழிற்சாலையில் ஒரே கட்சியினர் பாதிக்கு மேல் இருப்பது அரிது. தன் கட்சிக்காரரை மட்டும் திரட்டும் சங்கம் பேச்சு மேசைக்கு அருகிலும் வர இயலாது. திருப்பெரும்புதூர் அருகே சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் நடைபெற்ற வேலைநிறுத்தத்தின் நடுப்புள்ளியே சங்கத்தை ஏற்கவேண்டும் என்பதுதான். அச்சங்கம் சி.ஐ.டி.யு. சார்பானது என்பது நிர்வாகத்திற்கு உறுத்தலாக இருந்தது. நீதிமன்றம் வரை சென்று 2025 சனவரியில் அது பதிவு பெற்றது. ஆயிரத்திற்கு மேற்பட்ட இளைஞர் அங்கே வெளியில் அமர்ந்திருந்தனர். அவர்கள் அனைவரும் ஒரே கட்சியினர் என்று சொல்லத் துணிவார் எவரும் இரார்.

நம் ஊர்களில் செய்யக்கூடியது சிறிது உண்டு. சங்கங்கள் தம் ஆண்டுக் கணக்கைப் படிக்கும்போது பொதுநிதி இவ்வளவு, அரசியல் நிதி இவ்வளவு என்று பிரித்துத் தமிழில் படிக்கட்டும். கணக்கெழுதவும் தீர்மானம் எழுதவும் நம் துறை மாணவர் துணை செய்யலாம், நல்ல உரைநடைப் பயிற்சியாகவும் அமையும். கூலித் தகராறு ஜமாஅத் பெரியவர்களிடம் வரும்போது, தொழிலாளர் சார்பில் சங்கத்தவர் ஒருவரையும் அழைத்து அமரச் செய்யலாம். அவர் எக்கட்சியினர் என்று கேட்க வேண்டுவதில்லை. பெண் உறுப்பினர் மிகுந்த சங்கங்கள் பேரவைக் கூட்டத்தை இரவில் கடைத்தெருவில் நடத்துவதால் அவர்கள் வருவதில்லை, அவர்கள் பெயரால் வேறு யாரோ கைதூக்குகின்றனர். அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே, தெருவிலுள்ள திருமண மண்டபத்தில் அக்கூட்டத்தை வைத்தால், சுற்றிய பீடியைக் கடையில் கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில் அவர்களும் வரக்கூடும்.